பனியா, பணியா? எழுதியதைச் செப்பனிடுதல் குறித்த வாசகர் கேள்விகள்

எழுதி முடித்த கட்டுரையை வெளியிடுவதற்கு முன் எப்படிச் செப்பனிடுவது என்று கேட்டு, நீலகிரியிலிருந்தும் பழநி மலைத்தொடரின் ஊர்களிலிருந்தும் சில வாரங்களாகக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பதால், இந்த இதழின் கேள்வி-பதில் பகுதியை முழுவதுமாக அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: கட்டுரையை அனுப்புவதற்கு முன் மூன்று முறை படித்துவிடுகிறேன். அப்படியும் அச்சில் வந்த பிறகு பார்த்தால் பிழைகள் கண்ணில் படுகின்றன. என் கையெழுத்துப் பிரதியில் தெரியாத பிழை, அச்சில் மட்டும் எப்படித் தெரிகிறது?
— பள்ளி ஆசிரியை, கோத்தகிரி

பதில்: எழுதியவருக்கு அவருடைய வாக்கியங்கள் ஏறக்குறைய மனப்பாடமாகவே இருக்கும். ஆகவே, சொல்லின் முதல் எழுத்துகளைக் கண் தொட்டதுமே மீதியை மனம் நிரப்பிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுகிறது. அச்சில் எழுத்தின் வடிவமும் வரி மடங்கும் இடமும் மாறிவிடுவதால், பழகிய பக்கம் புதிய பக்கமாகிறது. கண் அப்போதுதான் எழுத்தெழுத்தாகப் பார்க்கத் தொடங்குகிறது. அந்தப் புதுமையை அனுப்புவதற்கு முன்பே நீங்கள் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கட்டுரையைத் தொடாமல் வைத்திருங்கள். பிறகு எழுத்தின் அளவையும் வடிவத்தையும் மாற்றி, முடிந்தால் தாளில் அச்செடுத்து, வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு தடுக்கும் இடத்தில் வாக்கியத்திலும் ஏதோ ஒரு தடை இருக்கும்.

மூன்று முறை படிப்பதைவிட, ஒவ்வொரு முறையும் எதைத் தேடிப் படிக்கிறீர்கள் என்பதே முக்கியம். முதல் வாசிப்பில் எழுத்துப் பிழையைத் தேடாதீர்கள். கட்டுரை எங்கே தொடங்குகிறது, எந்தப் பத்தி இல்லாவிட்டாலும் கட்டுரை நிற்கும், எந்தச் செய்தி இரண்டு இடங்களில் வருகிறது என்று மட்டும் பாருங்கள். நீக்கப்போகும் பத்திக்கு ஒற்றுப் பிழை திருத்திக்கொண்டிருப்பது நேரத்தை வீணாக்கும் வேலை. அதோடு, உழைத்துத் திருத்திய பத்தியை நீக்க மனமும் வராது. இரண்டாம் வாசிப்பு வாக்கியங்களுக்கு, மூன்றாம் வாசிப்பு எழுத்துகளுக்கு. பெயர்களையும் எண்களையும் தனியாக நான்காம் முறை பார்த்துவிடுங்கள்.

நீங்கள் இணைத்திருந்த கட்டுரையிலிருந்தே ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். ‘காலைப் பணியில் நடுங்கியபடி பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். ‘காலைப் பனியில்’ என்பதே உங்கள் கருத்து என்பது அடுத்த வரியைப் படித்தால் தெரிகிறது. ‘பணி’ என்பதும் சரியான சொல்லே. காலையில் வேலை செய்கிறார்கள் என்பதும் உண்மையே. இப்படிப் பிழையே பொருள் தரும் இடங்களைத்தான் கண் எளிதில் தவறவிடும். ‘மலை’, ‘மழை’ இரண்டும் அப்படிப்பட்டவை. கைபேசியில் ஒலிப்படித் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இரண்டும் அடுத்தடுத்த பரிந்துரைகளாக வந்து நிற்பதால், ‘மலையில் நனைந்தோம்’ என்னும் வரியை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். உங்கள் எழுத்தில் அடிக்கடி வரும் இத்தகைய இணைகளை ஓர் அட்டையில் எழுதி மேசை மேல் வைத்துக்கொண்டு, மூன்றாம் வாசிப்பில் அந்தச் சொற்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

அதே வரியில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. எழுத்தைத் திருத்திப் ‘பனி’ என்று ஆக்கிய பிறகும் வேலை முடியவில்லை. தமிழில் பனி என்றால் இலை மேல் நிற்கும் பனித்துளியும் பனிதான், பாதையை மறைக்கும் பனிமூட்டமும் பனிதான், டிசம்பர், ஜனவரி மாதங்களில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனியும் பனிதான். சமவெளியில் இருந்து படிப்பவர் இவற்றுள் எதையும் நினைக்காமல் இமயமலையின் பனிப்பொழிவைக் கற்பனை செய்துகொள்ளக்கூடும். நீங்கள் கண்டது எது என்று உங்களுக்குத் தெரியும், அதை எழுதுங்கள். உறைபனியாக இருந்தால் அந்தப் பெண்களின் அன்றைய கூலியே கேள்விக்குறியாகிறது, பனிமூட்டமாக இருந்தால் அப்படியில்லை.

இரண்டாம் வாசிப்புக்கும் உங்கள் கட்டுரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். ‘நீலகிரி மாவட்டத்தில் அமைந்துள்ள கோத்தகிரி பகுதியில் தற்போது தேயிலை பறிக்கும் பணியானது தொழிலாளர்களால் மும்முரமாக மேற்கொள்ளப்பட்டு வருவது என்பது குறிப்பிடத்தக்கது’ என்பது உங்கள் முதல் வரி. இதில் 15 சொற்கள் உள்ளன. ‘கோத்தகிரியில் இப்போது கொழுந்து பறிப்பு மும்முரமாக நடக்கிறது’ என்றால் ஆறே சொற்கள். எந்தச் செய்தியும் குறையவில்லை. ‘அமைந்துள்ள’, ‘பணியானது’, ‘மேற்கொள்ளப்பட்டு வருவது’, ‘குறிப்பிடத்தக்கது’ ஆகியவை நாளிதழ்ச் செய்தியிலிருந்து நம் கைக்குத் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்பவை. குறிப்பிடத்தக்கது என்பதால்தானே குறிப்பிடுகிறோம்? கொழுந்து பறிக்கும் பெண்களின் விரல்களைப் பற்றி நீங்கள் நான்காம் பத்தியில் எழுதியிருக்கும் இரண்டு வரிகள் அருமையானவை. அவற்றில் இத்தகைய சொல் ஒன்றுகூட இல்லை. கட்டுரை அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: மலைப்பூண்டு சாகுபடி பற்றி எழுதி அனுப்பினேன். ஒற்றுப் பிழைகள் அதிகம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எங்கே ஒற்று வரும், எங்கே வராது என்று இலக்கணம் படிக்காதவன் எப்படித் தெரிந்துகொள்வது?
— விவசாயி, பூம்பாறை

பதில்: 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டைப் பற்றி, அதை விளைவிக்கும் ஒருவரே எழுதுவதை ஒற்றுக்காகத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டாம், திருத்தி வெளியிட்டிருக்கலாம். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். விதிகள் பல இருந்தாலும், நான்கைந்து பழக்கத்துக்கு வந்துவிட்டால் பெரும்பாலான பிழைகள் மறைந்துவிடும். உங்கள் வேலையை வைத்தே அவற்றைச் சொல்லிவிடலாம். ‘பூண்டு பிடுங்கினோம்’ என்பதில் ஒற்று வராது. ‘பூண்டைப் பிடுங்கினோம்’ என்று ‘ஐ’ வெளிப்பட்டால் வரும். ‘சந்தைக்குக் கொண்டுபோனோம்’ என்று ‘கு’ வெளிப்பட்டாலும் வரும். ‘மூட்டையை எடுத்துச் சென்றோம்’ என்பதில் வரும், ‘கொண்டுவந்து போட்டோம்’ என்பதில் வராது. ‘எடுத்து’ என்ற சொல்லில் ‘து’வுக்கு முன் ‘த்’ என்னும் வல்லின மெய் நிற்கிறது, ‘வந்து’ என்பதில் ‘ந்’ என்னும் மெல்லின மெய் நிற்கிறது. இந்த வேறுபாட்டை மட்டும் பாருங்கள். ‘என்று சொன்னார்’ என்பதில் வராததற்கும் அதே காரணம்தான். ‘அந்தத் தோட்டம்’, ‘இந்தப் பாத்தி’ என்று சுட்டுக்குப் பின் வரும்.

ஒற்று வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் காட்டுவது ஒரே ஓர் இணைதான். ‘வடுகபட்டியில் கடை பிடித்தார்’ என்றால், பூண்டு வியாபாரத்துக்காகக் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்தார் என்று பொருள். ‘கடைப்பிடித்தார்’ என்றால் ஒரு கொள்கையை விடாமல் பின்பற்றினார் என்று பொருள். ஒரு ‘ப்’ ஆளையே மாற்றிவிடுகிறது.

இன்னொரு விதிக்கு விலக்கே கிடையாது: ‘ற்’ என்னும் எழுத்துக்குப் பின் இன்னொரு மெய்யெழுத்து வராது. ‘அதற்க்கு’, ‘முயற்ச்சி’ என்று எழுதியிருக்கும் இடங்களைத் தேடி ‘அதற்கு’, ‘முயற்சி’ என்று மாற்றிவிடுங்கள். ‘பூக்கள் பூத்தது’ என்பதைப் ‘பூத்தன’ என்றும், ‘ஒவ்வொரு வயல்களிலும்’ என்பதை ‘ஒவ்வொரு வயலிலும்’ என்றும் ஆக்கிவிட்டால், உங்கள் கட்டுரையை எந்த இதழும் இந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பாது.

கேள்வி: நான் ‘சோலை’, ‘கற்பூர மரம்’, ‘சீகை’, ‘கவாத்து’, ‘ஹட்டி’ என்று எங்கள் பக்கத்துச் சொற்களையே எழுதுகிறேன். திருத்திக் கொடுக்கும் நண்பர், வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது என்று அவற்றை மாற்றிவிடுகிறார். யார் செய்வது சரி?
— வாசகர், கூடலூர்

பதில்: இந்தக் கேள்விக்கு என் தவறு ஒன்றைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. பல ஆண்டுகளுக்கு முன், நான் உதவியாசிரியராக இருந்த ஓர் இதழுக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கட்டுரை வந்தது. புல்வெளிகளில் சீகை என்னும் வாட்டில் மரத்தையும் கற்பூர மரத்தையும் வளர்த்ததால் சோலைகளின் ஊற்றுகள் வற்றின என்பது அதன் சாரம். ‘சோலை’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்ததால், எளிமையாக இருக்கட்டும் என்று சில இடங்களில் ‘தோப்பு’ என்று மாற்றினேன். தோப்பு என்பது மனிதர் நட்டு வளர்ப்பது. சோலை என்பது, உயர்ந்த மலைகளில் புல்வெளிகளுக்கு நடுவே, மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் தானே வளர்ந்து, நீரைப் பிடித்து வைத்திருந்து மெல்ல மெல்லக் கசியவிடும் பழைய காடு. யாரும் நடாத காட்டை நான் யாரோ நட்ட தோப்பாக ஆக்கிவிட்டேன். மரம் நட்டதால் வந்த கேட்டைப் பற்றிய கட்டுரை, நட்ட மரங்களுக்காக அழுவதுபோல் வெளிவந்தது. எழுதியவர் கோபிக்கவில்லை, ஒரு தபால் அட்டையில் இந்த வேறுபாட்டை மட்டும் நான்கு வரிகளில் விளக்கியிருந்தார். அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஆகவே சொற்கள் உங்களுடையவையாகவே இருக்கட்டும். நண்பர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்குத் தீர்வு சொல்லை மாற்றுவது அன்று, வாக்கியத்தைச் சற்றே திறந்து வைப்பது. நீங்கள் கற்பூர மரம் என்று சொல்வதைச் சமவெளிக்காரர் யூகலிப்டஸ் என்றும் தைல மரம் என்றும் சொல்வார். சிலர் நீலகிரி மரம் என்றும் சொல்வார்கள். விளக்கம் இல்லாமல் படித்தால் அவருக்குக் கோயில் கற்பூரம்தான் நினைவுக்கு வரும். முதல் முறை வரும் இடத்தில் ‘தைலம் காய்ச்சும் கற்பூர மரம்’ என்று ஒரே ஓர் அடை சேர்த்துவிட்டால், கட்டுரை முழுவதும் அவர் உங்களோடு நடந்து வருவார். ‘தேயிலையைக் கவாத்து வெட்டிய சரிவில் குச்சிகள் மட்டும் நின்றன’ என்றால் கவாத்து என்றால் என்ன என்று யாருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம். ‘ஹட்டி’யையும் அப்படியே, படகர் வாழும் ஊர் என்பது தெரியும்படி முதல் வாக்கியத்தில் வைத்துவிடுங்கள். நண்பரிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: புரியாத சொல்லை மாற்றாமல் அடியில் கோடு மட்டும் போட்டுத் தரச் சொல்லுங்கள். எங்கே புரியவில்லை என்று காட்டும் நண்பர் கிடைப்பது அரிது, அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: நான் சுற்றுலா வழிகாட்டி. பல ஆண்டுகளாகப் பயணிகளுக்குச் சொல்லிவந்த செய்திகளைக் கட்டுரைகளாக எழுதுகிறேன். தகவல்களை எந்த அளவுக்குச் சரிபார்க்க வேண்டும்?
— வாசகர், கொடைக்கானல்

பதில்: பல முறை சொல்லிப் பழகிய செய்தியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் அதைத்தான் யாரும் சரிபார்ப்பதில்லை. மலைகளைப் பற்றி எனக்கு வரும் பிரதிகளில் ஓயாமல் வருகிற சிலவற்றைச் சொல்கிறேன். தொட்டபெட்டா தென்னிந்தியாவின் மிக உயரமான சிகரம் என்று எழுதுகிறார்கள். அது தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம், உயரம் 2,637 மீட்டர். தென்னிந்தியாவின் உயரமான சிகரம் கேரளத்தில் உள்ள ஆனைமுடி, 2,695 மீட்டர். நீலகிரி மலை ரயில் 1899-இல் ஊட்டிக்கு வந்தது என்று எழுதுகிறார்கள். அந்த ஆண்டில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் வந்தது; உதகை வரையிலான பாதை 1908-இல்தான் நிறைவடைந்தது. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது 2005-இல். கொடைக்கானல் ஏரியை இயற்கை ஏரி என்று வருணிப்பவர்கள் உண்டு. அது 1863-இல் உருவாக்கப்பட்டது.

அளவுகளில் வரும் பிழை இன்னும் நுட்பமானது. ஒருவர் தொட்டபெட்டாவின் உயரம் 8,652 மீட்டர் என்று எழுதியிருந்தார். எண் சரியானது, அலகுதான் தவறு, அது அடிக்கணக்கு. 8,611 மீட்டர் உயரமுள்ள கே-2 சிகரத்தைவிட நம் தொட்டபெட்டா உயர்ந்துவிட்டதை, எண்ணையும் அலகையும் சேர்த்துப் படித்திருந்தால் அவரே கண்டிருப்பார். எண் வரும் இடத்தில் நின்று, இது எவ்வளவு பெரியது, நான் அறிந்த எதனோடு ஒப்பிடலாம் என்று ஒரு கணம் யோசிப்பதே போதும்.

குறிஞ்சி பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை பூப்பது நீலக்குறிஞ்சி. குறிஞ்சி இனத்துச் செடிகள் எல்லாவற்றுக்கும் அதே கணக்கு இல்லை. 2006-இலும் 2018-இலும் பூத்தது என்று எழுதலாம். எல்லாச் சரிவுகளும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை என்பதால், எந்த இடத்தில் கண்டீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பெயர்களில் உங்கள் ஊர்ப்பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ‘பழநி மலையில் ஏறினோம்’ என்று எழுதினால், முருகன் கோயில் இருக்கும் குன்றா, கொடைக்கானல் அமைந்திருக்கும் பெரிய மலைத்தொடரா என்று தெரியாது. இரண்டும் ஒரே மாவட்டத்தில் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. ‘பழநி’, ‘பழனி’ இரண்டும் வழக்கில் உள்ளவை. எதை வேண்டுமானாலும் எழுதலாம், ஆனால் ஒரு கட்டுரையில் ஒன்றையே எழுதுங்கள். ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே கட்டுரையில் வந்தால், மூன்று ஊர்கள் என்று நினைக்கும் வாசகரும் இருக்கிறார்.

கேள்வி: பிழைதிருத்தும் மென்பொருள் இருக்கும்போது நாமே உட்கார்ந்து பார்க்க வேண்டுமா?
— கல்லூரி மாணவி, குன்னூர்

பதில்: மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சந்திப் பிழைக்கு ‘நாவி’யும் எழுத்துப் பிழைக்கு ‘வாணி’யும் தமிழுக்கென்றே உருவாக்கப்பட்டவை. ஆனால் கோத்தகிரி ஆசிரியையின் ‘பணி’ போன்ற சொல்லை எழுத்துத் திருத்தி பிழையென்று காட்டாது; அகராதியில் உள்ள சரியான சொல் அது. ‘மழையில் நனைந்த மாணவனின் அப்பாவைப் பார்த்தேன்’ என்ற வாக்கியத்தில் நனைந்தது மகனா, அப்பாவா என்பதும் அதற்குத் தெரியாது. இன்னொன்று, கண்ணுக்கும் எளிதில் தெரியாதது: ‘கௌரவம்’ என்பதைப் பலர் ‘கெ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளாகத் தட்டச்சு செய்கிறார்கள். ‘ஔவை’யும் இப்படியே ‘ஒ’, ‘ள’ என்று பிரிந்துபோகிறார். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் கணினிக்கு அது வேறு சொல், தேடினால் கிடைக்காது.

கேள்வி: தோட்டத்தில் கணக்கராக இருந்த தாத்தா, காபி எஸ்டேட் வாழ்க்கையைப் பற்றி எழுதி வைத்த குறிப்பேட்டை வெளியிட விரும்புகிறோம். அவருடைய எழுத்துப் பிழைகளைத் திருத்தலாமா?
— வாசகி, பண்ணைக்காடு

பதில்: உங்கள் கட்டுரையைத் திருத்துவதும் மறைந்தவரின் எழுத்தைத் திருத்துவதும் வேறு வேறு வேலைகள். அவரிடம் திரும்பக் கேட்க முடியாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே ஒவ்வோர் எழுத்தையும் தொட வேண்டும். முதலில் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, உள்ளது உள்ளபடியே ஒரு படி எடுங்கள். தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தியது 1978-இல். அதற்கு முன் எழுதிய கையேட்டில் லை, னை, ணை போன்ற எழுத்துகள் பழைய வடிவத்தில் இருக்கும். இவற்றை இன்றைய வடிவத்தில் தட்டச்சு செய்வது திருத்தம் ஆகாது. ஆனால் அவர் ‘கோடைக்கானல்’ என்று எழுதியிருந்தால் அதைக் ‘கொடைக்கானல்’ ஆக்காதீர்கள். அந்தக் காலத்தில் அப்படியும் எழுதினார்கள், அதுவே ஒரு சான்று. ‘வீசை’ என்று எழுதியிருந்தால் அதைக் கிலோவாக மாற்றாமல், சுமார் 1.4 கிலோ என்று அடிக்குறிப்பில் தாருங்கள். வெறும் கைத்தவறு என்று ஐயமின்றித் தெரிவதைத் திருத்தலாம். அப்படித் திருத்தியிருப்பதை முன்னுரையில் சொல்லிவிடுங்கள்.

படிக்க முடியாத சொல்லை ஊகித்து நிரப்ப வேண்டாம் என்பதை வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 1889-இல் வெளிவந்த பத்துப்பாட்டுப் பதிப்புக்காக உ.வே. சாமிநாதையர் உழைத்தபோது, குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் சில பூக்களின் பெயர்கள் சுவடிகளில் விடுபட்டிருந்தன. தமிழில் பூக்களின் பெயர்களுக்கா பஞ்சம்? யாப்புக்குப் பொருந்துமாறு நிரப்பிவிடும் புலமை அவருக்கு இருந்தது. அவரோ வேறு சுவடி தேடிப் போனார். தருமபுர ஆதீனத்துச் சுவடியில் அந்தப் பெயர்கள் கிடைத்தன. உங்கள் தாத்தாவோடு அதே தோட்டத்தில் வேலை செய்தவர்களோ அவர்களுடைய பிள்ளைகளோ பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் இன்னும் இருப்பார்கள். குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். யாருக்கும் தெரியாத இடத்தில் மூன்று புள்ளிகள் போட்டு விட்டுவிடுங்கள்.

கேள்வி: திருத்திக்கொண்டே இருக்கிறேன். எப்போது நிறுத்துவது?
— வாசகர், உதகை

பதில்: நேற்று நீக்கிய காற்புள்ளியை இன்று திரும்பப் போட்டு, நாளை மறுபடியும் நீக்குகிறீர்கள் என்றால், இனிச் செய்வது திருத்தம் அன்று. அந்த நிலை வந்ததும், அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் தலைப்பையும் உங்கள் பெயரையும் மட்டும் எழுத்தெழுத்தாக ஒரு முறை படித்துவிடுங்கள். பெரிய எழுத்தில் இருப்பதாலேயே யாரும் அவற்றைப் படிப்பதில்லை, அச்சில் நான் கண்ட பிழைகளில் பல அந்த இரண்டு வரிகளில் இருந்தவை.